ஃபெஸ்ஸில் ஒரு லயத்துக்காரி

எல்ல டவுனில் இப்போது ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டுமென்றால் கடை தேடி அலைய வேண்டியிருக்கிறது. ஸ்டேஷன் ரோட்டிலிருந்து வெல்லவாய ரோடு வரைக்கும் கஃபேக்கள்தான். ஒரு காலத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பணிசைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்ற பெஞ்சுக் கடையின் இடத்தில் இப்போது மூங்கில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். போன ஆடியில் பண்டாரவளைக்குப் போவதற்காக அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணி. கிளாஸ் நிறையப் புதினாக் கொத்து. வெளியே கரும்பலகையில் மொரோக்கோத் தேநீர் என்று எழுதி விலையும் போட்டிருந்தார்கள். அந்தக் காசுக்கு எங்கள் லயத்தில் ஒரு வீடு ஒரு கிழமைக்குத் தூள் வாங்கிவிடும். அதை நினைத்து வயிறெரிவதற்குள் வாசம் ரோட்டுக்கு வந்துவிட்டது. பிறகு பஸ் வரும்வரை நான் எல்லயில் இல்லை, ஃபெஸ் நகரத்தில் இருந்தேன்.

நான் மொரோக்கோவுக்குப் போய்வந்தேன் என்றால் தோட்டத்தில் இன்னும் சிலர் நம்புவதில்லை. எங்கள் பெண்கள் வெளிநாடு போவதென்றால் சவூதி, குவைத், ஜோர்தான்; அதுவும் வீட்டு வேலைக்கு. ஊர் பார்க்கப் போவதென்றால் கதிர்காமம், சிவனொளிபாதமலை. மிஞ்சினால், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்விட்ட சொந்தக்காரர் வீடு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மூத்த மகள் கலியாணம் கட்டிப் பாரிஸில் இருக்கிறாள். பேரனைப் பார்க்கப் போயிருந்தபோது பக்கத்துக் கதவில் ஒரு மொரோக்கோக் குடும்பம். அந்தப் பெண்ணின் தாய் வீடு ஃபெஸ்ஸில், பழைய நகரத்துக்குள்ளேயே. "லீவுக்கு நாங்கள் போகிறோம், உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா" என்று மகளிடம் ஒருநாள் சொன்னாள். விமான டிக்கெட் மலிவு. என் பாஸ்போர்ட்டில் விசா குத்த மகள் பட்ட பாடு தனிக்கதை, அதை விடுவோம்.

அதுவரை ஃபெஸ் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தொப்பி. அதுவும் பதுளையில் பார்த்தது.

சம்பளம் போட்ட மறு ஞாயிறு அப்பா என்னைப் பதுளைக்குக் கோச்சியில் கூட்டிப் போவார். தெமோதரையில் நின்று புறப்பட்ட கோச்சி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கே அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். ஒவ்வொரு தடவையும் அப்பா ஜன்னலால் தலையை நீட்டி, "பாத்தியா, இப்பத்தான் மேல நின்னோம்" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் புதிதாக அதிசயப்பட்டேன். பதுளையில் எங்களுக்குப் பற்றுக்குத் துணி கொடுக்கிற முதலாளி, பெருநாள் நெருங்கும் காலத்தில் கருஞ்சிவப்பில் ஒரு துருக்கித் தொப்பி போட்டுக்கொண்டு கல்லாவில் இருப்பார். கறுப்புக் குஞ்சம் காதுக்குப் பக்கத்தில் ஆடும். அது எனக்கு ராஜாக்கள் வைக்கிற சாமானாகப் பட்டது. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்து, 1882 இல் தெல்-எல்-கெபீர் போரில் தோற்று, 1883 முதல் 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் நாடு கடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவைப் பார்த்துத்தான் அந்தத் தொப்பி நம் முஸ்லிம்களிடம் பெருவழக்கானது என்று பிற்பாடு படித்தேன். அதன் சிவப்புச் சாயத்துக்குப் பேர்போன ஊர் ஃபெஸ். பதுளையில் அப்பா காட்டும் இன்னொரு இடம் மாற்கு கோயில். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்த மேஜர் ரொஜர்ஸின் நினைவுக்காக எழுப்பியது. அவர் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கும் மேல் என்பார்கள். "ஆனை சுட்டவனுக்குக் கோயில்" என்று சொல்லி அப்பா சிரிப்பார். அவர் அதிகம் சிரிக்கிற மனிதரில்லை.

ஃபெஸ்ஸுக்குள் நாங்கள் போன வாசலுக்குப் பாப் பூ ஜெலூத் என்று பேர். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் பச்சை ஓடு. நகரத்துக்கு வயது 1,200க்கும் மேல். வாசலை மட்டும் 1913 இல், பிரெஞ்சுக்காரர் வந்த பிறகு கட்டியிருக்கிறார்கள். நம் ஒன்பது வளைவுப் பாலத்தை விட எட்டு வயது மூப்பு, அவ்வளவுதான். வாசலைத் தாண்டினால் மோட்டார் வாகனம் கிடையாது. தலா கெபீரா என்ற பெரிய தெருவே இரண்டு வண்டி விலக முடியாத அகலம். அது வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டே போகிறது. அதிலிருந்து பிரிகிற சந்துகளில் சிலவற்றில் தோளை ஒருக்களித்துத்தான் போகலாம். கேஸ் சிலிண்டர், சிமெண்டு மூட்டை, பதனிட்ட தோல், கோழிக்கூடு, எல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும்தான். ஓட்டி வருகிறவர் "பாலக்! பாலக்!" என்று கத்துவார், உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரட்டுக் களத்தில் கங்காணியின் குரலுக்கு ஒதுங்கிப் பழகிய உடம்பு. மகளுக்கு முன்னால் நான் சுவரில் இருப்பேன்.

இறங்கும் வழியெல்லாம் மணம் மாறிக்கொண்டே வரும். தச்சர் சந்தில் சீவிய தேவதாரு, மளிகைச் சந்தில் சீரகம், எங்கிருந்தோ ஈரத் தோல். ஒரு சிறுபிள்ளை பலகையில் பிசைந்த மாவு உருண்டைகளை வைத்துத் துணி மூடித் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒவ்வொரு வீட்டிலும் மாவைப் பிசைந்து தெருவுக்குப் பொதுவான அடுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள், சுட்டு வருகிறது. எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்பது அடுப்புக்காரருக்குத் தெரியும். யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் மாவு குறைவு என்பதும் தெரியும். எங்கள் தோட்டத்தில் அந்த வேலையைத் தண்ணீர்ப் பீலி செய்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பீலியடிக்குப் போகும் பெண்கள் திரும்பி வரும்போது ஒரு டிவிஷனின் முழுச் செய்தியும் குடத்தோடு வந்து சேரும். இப்போது வாசலுக்கு வாசல் குழாய் வந்துவிட்டது. நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த காம்பராவில் ஆள் காய்ச்சலில் கிடப்பது இன்று மூன்றாம் நாள்தான் தெரிகிறது.

நாங்கள் தங்கிய வீட்டின் வெளிச்சுவரில் ஒரு சின்னக் கதவைத் தவிர ஒன்றுமில்லை. குனிந்து உள்ளே போனால் நடு முற்றம், சுவரில் பாதி உயரத்துக்குச் சிறுசிறு ஓடு பதித்த வேலைப்பாடு, நடுவில் ஒரு எலுமிச்சை மரம். பாரிஸ் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தாய்தான் வீட்டுக்காரர், எண்பதைத் தொட்டவர். எல்லோரும் லல்லா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபு தெரியாது; நடுவில் அவர் மகளும் என் மகளும் பிரெஞ்சில் அலைந்தார்கள்.

அன்று பின்னேரம் அவர் தேத்தண்ணி போட்டதை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். தாழ்ந்த மேசையில் தட்டம், வயிறு பருத்த வெள்ளிக் கேத்தல், சின்னக் கிளாஸ்கள். ஒரு டப்பாவைத் திறந்து தூளை அளந்தார். நான் பொறுக்காமல் கையை நீட்டிவிட்டேன். மகள் என்னை முறைத்தாள். லல்லா சிரித்து, என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். தூளே இல்லை, முழு இலை. குண்டு குண்டாய்ச் சுருண்டு, சாம்பல் கலந்த பச்சையில், மிளகை விடச் சின்னதாய். விரலால் உருட்டினேன், உடையவில்லை. ஊதினேன், தூசு பறக்கவில்லை. மோந்து பார்த்துத் தலையை ஆட்டினேன். அந்த அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தேயிலைக்காரி என்று கண்டுகொண்டார்.

முதலில் கொஞ்சம் கொதிதண்ணீர் விட்டு, அந்தச் சாற்றை ஒரு கிளாஸில் வடித்துத் தனியே வைத்தார். மறுபடி தண்ணீர் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, அதை வெளியே ஊற்றினார். அது கசப்பைக் கழுவுகிற தண்ணீர். முதல் சாற்றைத் திரும்பக் கேத்தலில் சேர்த்து, கொதிதண்ணீர் நிரப்பி, அடுப்பில் வைத்தார். கூம்பாய் இறுகிய சீனிக் கட்டியைப் பித்தளைச் சுத்தியலால் தட்டி ஒரு பெரிய துண்டைப் போட்டார். எனக்குச் சீனி வியாதி என்று சொல்ல மகள் வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். பிறகு ஒரு பெருங்கொத்துப் புதினா. முதல் கிளாஸில் ஊற்றி அதைத் திரும்பக் கேத்தலுக்குள் ஊற்றினார். இப்படி இரண்டு மூன்று முறை. கடைசியில் கேத்தலைத் தலைக்கு மேல் தூக்கி, கிளாஸ் நிறைய நுரை வர விட்டார். வயது எண்பது, ஒரு துளி தட்டத்தில் சிந்தவில்லை.

மொரோக்கோக்காரர் இதை ஆதியிலிருந்து குடித்தவர்களும் இல்லை. 1854 இல் கிரிமியா யுத்தம் வந்து பால்டிக் பக்கத்துச் சந்தை அடைபட்டபோது, ஆங்கில வியாபாரிகள் தங்கள் சீனத்துப் பச்சைத் தேயிலையைத் தாஞ்சியர் துறைமுகத்தில் கொண்டுவந்து தள்ளினார்கள். அதிலிருந்துதான் அது வீடு வீடாய்ப் பரவியது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அப்படிப் பார்த்தால் அவர்கள் வாழ்க்கைக்குள்ளும் எங்கள் வாழ்க்கைக்குள்ளும் தேயிலை வந்தது கிட்டத்தட்ட ஒரே காலம். அவர்கள் குடிக்க, நாங்கள் பறிக்க. லல்லாவின் டப்பாவில் இருந்ததும் சீனத்துச் சரக்குத்தான். எங்கள் எல்லயிலும் நியூபர்க் ஸ்டோரில் பச்சைத் தேயிலை போடுகிறார்கள் என்று சொல்லச் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சிலோன் என்றால் கறுப்புத்தான் என்பது அவர் முடிவு.

அந்தப் புதினா வாசத்தில் எனக்கு அப்பா வந்தார்.

அவருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. ஊவாவில் ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிற காற்று ஒன்று உண்டு. உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும், இரவில் குளிர் எலும்பைப் பிடிக்கும். தேயிலைச் செடிக்கும் அதே கதிதான். கொழுந்து மெதுவாக, சிறுத்து வரும். அந்தச் சிறுத்த கொழுந்தில்தான் உலகத்தில் வேறெங்கும் வராத ஒரு மணம் ஏறும். புதினாவும் தைலமும் கலந்தது. வலிக்குப் பூசுகிற தைலங்களில் இருக்கும் மீதைல் சாலிசிலேட் என்ற அதே பொருள்தான் அதற்கு முக்கிய காரணம் என்று விஞ்ஞானப் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டேன். கொழும்பு ஏலத்தில் அந்தச் சில வாரங்களுக்கு ஊவாத் தேயிலையின் விலை எகிறும். துரை பங்களாவில் ரேடியோச் சத்தம் கூடும். லயத்தில் நேர் எதிர். கொழுந்து குறைவென்றால் றாத்தல் குறைவு. றாத்தல் குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கூலிதான். நல்ல தேயிலை வருகிற மாதம் எங்கள் வீட்டில் கடன் வாங்குகிற மாதம்.

அப்பாவுக்கு அந்த நாட்களில் இரவு வேலை. மேல் மாடித் தட்டுகளில் பரப்பி வாடவிட்ட கொழுந்தை நடுச்சாமத்தில் கீழே தள்ளி, ரோலரில் போட்டு, புளிக்க வைத்து, சூட்டில் உலர்த்தி எடுக்கும்போது விடிந்துவிடும். ஆறு மணிக்கு இஸ்தோப்பில் அவர் சட்டையைக் கழற்றும்போது காம்பரா முழுக்க அந்த மணம். "என்ன, தைலம் பூசுனீங்களா?" என்று அம்மா கேட்பார். தினமும் அதே கேள்வி. அதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்த வேடிக்கை. வீட்டில் நாங்கள் குடித்தது தோட்டத்தில் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுக்கிற தூசித் தூள். சீசன் தேயிலையை அப்பா ஒருநாளும் குடித்ததில்லை. கேற்றில் மடியைச் சோதித்து அனுப்புகிற காலம். மணத்தைச் சோதிக்க ஆள் இல்லை, அதனால் அதை மட்டும் சட்டையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மறுநாள் ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்க்கப் போனோம். ஃபெஸ்ஸுக்கு வருகிற எல்லோரும் போகிற இடம். தொட்டிகளுக்குப் பக்கத்தில் யாரும் நேரே போவதில்லை. சுற்றியிருக்கிற தோல் கடைகளின் மாடிக்கு ஏற்றி, பல்கனியிலிருந்து காட்டுகிறார்கள். ஏறும் முன் வாசலில் ஒருவர் ஆளுக்கொரு புதினாக் கொத்துக் கொடுத்தார். மூக்கில் வைத்துக்கொள்ள. கீழே நூற்றுக்கணக்கில் கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தண்ணீர். மயிரை உதிர்க்கவும் தோலை மென்மையாக்கவும். மற்றவற்றில் மஞ்சள், சிவப்பு, மண் நிறச் சாயங்கள். அரைக்காற்சட்டையோடு ஆண்கள் தொடைவரை இறங்கி நின்று தோலை மிதிக்கிறார்கள், புரட்டுகிறார்கள், முறுக்குகிறார்கள். பல நூறு வருடமாக வேலை முறை பெரிதாக மாறவில்லை என்றார் கடைக்காரர். பெருமையாகத்தான் சொன்னார். அவர் தொட்டியில் இறங்குகிறவரில்லை.

என்னைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், எல்லார் கையிலும் ஃபோன். கீழே ஒரு வயசான மனிதர் நிமிர்ந்து எங்கள் பல்கனியைப் பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. திரும்பக் குனிந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. எல்லயில் சின்ன சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற வழி எங்கள் மலைகளுக்கு ஊடாகத்தான் போகிறது. நான் சிறுமியாக இருந்தபோதே அங்கொருவர் இங்கொருவராக வெள்ளைக்காரர் வருவார்கள். படங்கைக் கட்டிக்கொண்டு நிறையில் நிற்கும் அம்மாவைக் கூடையோடு நிறுத்திப் படமெடுப்பார்கள். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரி அம்மாவிடம் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு போனாள், படம் அனுப்புகிறேனென்று. அம்மா பல மாதம் தபால் துண்டைக் கேட்டு ஆபீசுக்குப் போய்வந்தார். வரவில்லை. அம்மாவின் இளமைக்காலத்துப் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய ஆல்பத்தில் இருக்கலாம். மகள், "அம்மா, நில்லுங்க, தொட்டி தெரியிற மாதிரி ஒண்டு எடுப்பம்" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் ஏனென்று கேட்கவில்லை. அவளும் அந்த லயத்தில் பிறந்தவள்தான்.

ஃபெஸ்ஸின் கட்டடங்களில் என் மனத்தைக் கொள்ளை கொண்டது பூ இனானியா மதரஸா. சுல்தான் அபூ இனான் 1350 க்கும் 1355 க்கும் இடையில் கட்டியது. முற்றத்தில் நின்றால் கீழே ஓடு, நடுவில் சுண்ணச் சாந்தில் கொத்திய பூவேலை, மேலே தேவதாரு மரச் செதுக்கு. மூன்றும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காமல் எழும்பிப் போகின்றன. எதிர்ச் சுவரில் 1357 இல் வைத்த தண்ணீர்க் கடிகாரத்தின் மிச்சம்: வரிசையாக ஜன்னல்கள், நீட்டிய மரக் கட்டைகள். இப்போது ஓடுவதில்லை.

அந்த அபூ இனான்தான் இபுனு பதூதாவைப் பிடித்து உட்கார வைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லச் சொன்னவர். தாஞ்சியரிலிருந்து 1325 இல் புறப்பட்ட மனிதர், உலகத்தைச் சுற்றிவிட்டு ஃபெஸ்ஸுக்கு வந்து சொல்லச் சொல்ல, இபுனு ஜுஸைய் என்பவர் எழுதி, 1355 இல் புத்தகம் முடிந்தது. அதாவது மதரஸா கட்டி முடிந்த அதே வருடம், அதே ஊரில், நம் நாட்டைப் பற்றிய கதையும் எழுதி முடிந்திருக்கிறது. 1344 இல் அவர் இலங்கைக்கு வந்து, புத்தளம் பக்கத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். தமிழ் அரசர் பாரசீகம் பேசினாராம், முத்துக் கொடுத்தாராம். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, மலையிலிருக்கிற பாதத்தைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றாராம். பல்லக்கும் துணைக்கு யோகிகளும் பிராமணர்களும் சுமை தூக்கப் 15 பேரும் கிடைத்தார்கள்.

இதையெல்லாம் ஆசிரியர் கலாசாலையில் வாசித்திருந்தேன். வாசிக்கும்போது எனக்குப் பிடித்தது அரசரும் முத்தும் இல்லை, அட்டை. மலைக்காட்டில் புல்லிலும் மரத்திலும் இருக்கிற அட்டை ஆள் மீது பாய்ந்து கடிக்கும், இரத்தம் நிற்காது, அதற்காக ஆட்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்து பிழிவார்கள், அட்டை விழுந்துவிடும் என்று இபுனு பதூதா சொல்கிறார். என் அம்மா மடியில் எலுமிச்சைத் துண்டோடுதான் மலைக்குப் போனார். சவர்க்காரம் தேய்ப்பவர்களும் உண்டு, புகையிலைத் தண்ணீர் பூசுபவர்களும் உண்டு, அம்மாவுக்கு எலுமிச்சைதான். அறுநூறு வருடத்துக்கு மேல் வைத்தியம் மாறவில்லை. அந்த மதரஸா முற்றத்தில் நின்று இதை மகளிடம் சொன்னபோது எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தச் சுமைகாரர் 15 பேரின் பேரைத்தான் யாரும் சொல்லவுமில்லை, எழுதவுமில்லை.

அல் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிமல்லாதவர்கள் போக முடியாது. கதவு திறந்திருக்கும்போது வெளியே நின்று வெண்தூண்களையும் நீரூற்றையும் பார்த்தோம். 859 இல் பாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் தன் தகப்பன் சொத்தைக் கொண்டு தொடங்கியது, உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகமாகச் சொல்லப்படுவது. நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடம் நீளமான ஒரே கொட்டில். ஐந்து வகுப்புக்கு ஒரு வாத்தியார். ஐந்தாம் வகுப்போடு பெண்பிள்ளைகள் தம்பி தங்கை பார்க்க நின்றுவிடுவார்கள். நான் நிற்காததற்கு அந்த வாத்தியார் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் வந்து அப்பாவோடு பேசிய ஒரு மாலை நேரம் காரணம். கதவடியில் நின்றபோது பாத்திமாவை விட அவர்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு லல்லா பேச்சுவாக்கில் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். இந்த எலுமிச்சை மரம் மாமியார் வைத்தது. அந்த மேல் அறை மாமனாரின் தகப்பன் கட்டியது. ஒரு சுவர் விரிசல் விட்டு முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதைத் திருத்த நகரசபையில் பணம் கேட்டிருக்கிறார்களாம். 1981 இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலக மரபுரிமையாக எடுத்துக்கொண்ட பிறகு ஆணி அடிப்பதற்கும் அனுமதி என்று அலுத்துக்கொண்டார். வீட்டுப் பத்திரம் தாத்தா காலத்திலிருந்து ஒரு பெட்டியில் இருக்கிறது, பிள்ளைகள் விற்கச் சொல்கிறார்கள், நான் விடமாட்டேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார்.

அவர் மகள் பிரெஞ்சில் சொல்ல, என் மகள் தமிழில் சொன்னாள். "உங்கட வீடு எத்தனை தலைமுறையா இருக்கு எண்டு கேக்கிறாங்க."

எங்கள் தொங்கல் வீட்டில் தம்பி குடும்பம் நான்காவது தலைமுறை, பிள்ளைகளோடு ஐந்து. அப்படியே சொல்லச் சொன்னேன். லல்லா மகிழ்ந்து போனார். அப்படியென்றால் யார் கட்டியது, உங்கள் தாத்தாவா என்றார். இல்லை, தோட்டம் கட்டியது. தோட்டம் உங்களுடையதா? இல்லை. அப்படியானால் வீடு யாருடையது?

மகள் அதை மொழிபெயர்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தோட்டம் வெள்ளைக்காரக் கம்பெனியிடமிருந்து 1975 இல் அரசாங்கத்துக்குப் போனது, 1992 இல் திரும்பக் கம்பெனிகளிடம் நிர்வாகத்துக்குப் போனது, நிலம் அரசாங்கத்தினுடையது, வேலைக்குப் போகிறவரைக்கும் இருக்கலாம் என்பதுதான் பேச்சு. இதை எந்த மொழியில் எப்படிச் சுருக்கிச் சொல்வது? "அம்மாவுக்குப் பாரிஸில என்ர வீடு இருக்கு எண்டு சொல்லவா?" என்று மகள் கேட்டாள். வேண்டாம், உள்ளதைச் சொல் என்றேன். சொன்னாள். லல்லா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு கேத்தல் தேத்தண்ணி வைக்க எழுந்தார்.

எல்லக்கு வருகிறவர்கள் இப்போது ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகாமல் திரும்புவதில்லை. கல்லும் செங்கல்லும் சீமெந்துமாய்க் கட்டி 1921 இல் முடித்தது, 91 மீட்டர் நீளம். எங்கள் காலத்தில் அது தெமோதரைப் பக்கம் போகக் குறுக்குவழி. கோச்சிச் சத்தம் கேட்டால் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வோம். இன்று கோச்சி வரும் நேரத்துக்கு நூற்றுக்கணக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், இளநீர்க் கடை, சோளக் கடை எல்லாம் வந்துவிட்டன. பாலத்தைப் பார்க்க வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஃபெஸ்ஸில் நான் என்ன, வேறு வேலைக்கா போனேன்? சுற்றிலும் தெரிகிற பச்சைக்கு நடுவில் தகரக் கூரையோடு நீளமாய்த் தெரிபவை எங்கள் லயங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா. 2014 இல் கொஸ்லந்த மீரியபெத்தயில் மண் சரிந்து அப்படிப்பட்ட லயங்கள் ஆட்களோடு புதைந்த பிறகு, ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் என்ற பேச்சு உரத்தது. சில தோட்டங்களில் வீடு எழும்பி உறுதிப் பத்திரமும் கையில் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் டிவிஷனில் அளந்து முளையடித்தார்கள்.

முளை இருக்கிறது. உறுதி வரவில்லை. லல்லாவின் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.